டைம்கீப்பர் தட்டிய ஜாதகம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சட்னி மட்டும் வருஷம் முழுக்க நறநறவென்று இருந்தது. டைம்கீப்பர் வீட்டில் மிக்சி வந்த வருஷம் அது. மிக்சியோடு வந்த சின்னப் புத்தகத்தில், ஒரு நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதே, பிறகு ஐந்து நிமிஷம் ஆற விடு என்று போட்டிருந்ததாம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பார். முள் ஒரு சுற்றுச் சுற்றியதும் சுவிட்சை அணைத்துவிடுவார். தேங்காய் அரைபட்டதா இல்லையா என்பது அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அவர் சம்சாரம் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண். "ஏமண்டி, தேங்கா பல்லு பல்லாக் கெடக்கு. இன்னும் ஒரு சுத்து விடுங்க" என்று கெஞ்சுவார்.

"புத்தகத்துல அப்படிப் போடல."

"அஞ்சு நிமிசம் ஆறிருச்சுல்ல, இனி ஓட்டலாம்ல?"

"ஆற விடுன்னுதான் போட்டிருக்கு. மறுபடி ஓட்டுன்னு போடல."

"புத்தகம் எழுதுனவன் வீட்டுல அம்மி இருந்திருக்கும்" என்று அந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே தாளிப்பார். அந்தச் சட்னியில் நானும் இட்லி தின்றிருக்கிறேன். மென்றுதான் விழுங்க வேண்டும்.

பேர் வேண்டாம். மில்லில் அவர் டைம்கீப்பர். அதனால் தெருவிலும் டைம்கீப்பர், அவர் சம்சாரம் டைம்கீப்பரம்மா. பிள்ளை கிடையாது. நான் அதே மில்லில் பஞ்சுப் பொதி பிரிக்கிற வேலையில் இருந்தேன். படிப்பு வாசனை எனக்கு இல்லை. பஸ் போர்டில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதியிருந்தால் முதல் எழுத்தைப் பார்த்து ஏறுவேன், அவ்வளவுதான்.

மில் வாசலில் அட்டை குத்துகிற கடிகாரம் ஒன்று இருந்தது. வேலைக்கு வருகிறவன் தன் அட்டையை அதன் வாயில் வைத்து அழுத்த வேண்டும், வந்த நேரம் அதில் பதிந்துவிடும். ஒரு நாள் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே நான் வந்துவிட்டேன். எனக்கு முன்னால் நின்றவனுடைய அட்டை உள்ளே சிக்கிக்கொண்டது. அதைப் பிடுங்கி எடுத்து என் அட்டையை வைப்பதற்குள் இரண்டு நிமிஷம் தாண்டி, சிவப்பு மை விழுந்துவிட்டது. சிவப்பு என்றால் லேட். டைம்கீப்பர் அத்தனை நேரமும் எனக்கு எதிரே ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நான் வந்தத நீங்க பாத்தீகல்ல?"

"பாத்தேன்."

"பொறவு என்ன?"

"நான் பாத்தேன். கடியாரம் பாக்கலயே."

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் கொஞ்ச நாள் கழித்து ஒன்று பார்த்தேன். பொதி லாரிக்காக நான் சீக்கிரமே வந்து வாசலில் காத்திருந்தேன். டைம்கீப்பர் சைக்கிள் பஞ்சராகித் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷம் பிந்திவிட்டது. சுற்றிலும் யாரும் இல்லை என்று அவர் நினைப்பு. கடிகாரத்தைத் திறக்கிற சாவி அவர் அரைஞாணில்தான் தொங்கிற்று. திறந்து முள்ளைத் தள்ளி வைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அவர் தன் அட்டையை வைத்து அழுத்தி, சிவப்பு விழுந்ததைப் பார்த்து, "சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தனக்கு ஒன்று பிறத்தியாருக்கு ஒன்று என்று இல்லாத மனுஷன்.

கொடைக்கானலில் டவர் வந்தபின் தெருவில் முதல் டிவி அவர் வீட்டில்தான். அதற்கும் ஒரு புத்தகம். பெட்டிக்கும் கண்ணுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. டேப் பிடித்து அளந்து தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். வீடு சின்னது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான்கு பேர்தான் உட்காரலாம். மற்ற ஜனம் பூராவும் வாசலிலும் தெருவிலும் உட்கார்ந்து கதவு வழியாகப் பார்த்தோம். மழை வந்தால் நனைந்துகொண்டு பார்த்தோம். உள்ளே கோட்டுக்கு அந்தப் பக்கம் பாய் விரித்த மாதிரி இடம் காலியாகக் கிடக்கும்.

"அந்தா அம்புட்டு இடம் கெடக்கே அண்ணாச்சி, ரெண்டு பேர உள்ள விட்டா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கண்ணு போயிரும்."

"மழையில காய்ச்சல் வந்து உசிரு போனா?"

"அது பத்தி ஒண்ணும் போடல" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

என் மகள் செல்விக்கு மட்டும் அந்த வீட்டில் தனி மரியாதை. பெட்டியைத் திறக்கவும் மூடவும் அவளைத்தான் கூப்பிடுவார். "மெல்ல அமுக்கு, அதுக்கு வலிக்கும்" என்பார். அவளும் மாமா, மாமா என்று அவர் பின்னாலேயே திரிவாள். டைம்கீப்பரம்மா அவளுக்குத் தலை சீவி விடுவார். சாப்பாட்டு நேரம் வந்தால் நாங்கள் அங்கே போய்த்தான் அவளைத் தேடுவோம்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் கம்ப்யூட்டர் வாங்கினார். ஜாதகம் எழுதுகிற கம்ப்யூட்டர். அப்போது அது ஒரு புதுமை. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டம் போட்டு, நட்சத்திரம் ராசி எல்லாம் தமிழிலேயே அடித்துத் தள்ளிவிடும். முன்னறையில் அதற்கு மேஜை போட்டு, சம்சாரத்தின் பழைய பட்டுச் சேலையை மடித்து உறையாகத் தைத்துப் போட்டார். செருப்பைத் தெருவிலேயே கழற்ற வேண்டும். தட்டும் முன் கையைத் துண்டில் துடைத்துக்கொள்வார்.

முதன்முதலில் அந்தத் திரையில் தமிழ் எழுத்து வந்த நாளில் தெருவே அங்கேதான் நின்றது. ஒவ்வொருத்தர் பேராகத் தட்டி, பிரிண்டரில் ஓட விட்டு, காகிதத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். அந்தப் பிரிண்டர் போடுகிற சத்தம் தறிச் சத்தத்தைத் தோற்கடிக்கும். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மில்லில் இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. என் பேரைக் கொடுத்தபோது, "எங்க, தலைகீழாப் பிடிச்சிருக்க, திருப்பிப் பிடி" என்று அவரே திருப்பிக் கொடுத்தார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. கரண்டு போனால் எழுதினது அத்தனையும் போய்விடும், முதலிலிருந்து தட்டுவார். பிளாப்பி என்கிற அந்தச் சதுரத் தட்டை உள்ளே செருகினால் சில சமயம் மிஷின் படிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வரும். ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொல்லுது அண்ணாச்சி?"

"மூணு வழி கேக்குது. விட்டுரவா, மறுபடி பாக்கவா, தோத்துரவான்னு."

"நீங்க என்ன சொன்னீக?"

"மறுபடி பாருன்னேன். அதுவும் பாக்குது, பாத்துட்டு மறுபடி கேக்குது. நானும் மறுபடி பாருங்கேன்."

வெயில் தாழ்ந்து நான் திரும்ப வந்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். "தட்டு கெட்டுப் போச்சு போல, தூர எறிங்க" என்றேன். "தட்டு மேல தப்பு இருக்காது. நான் எங்கயோ கை வச்சிருப்பேன்" என்றார். மிஷின் தப்புப் பண்ணாது, அதன் முன்னால் உட்காருகிறவன்தான் பண்ணுவான் என்பது அவர் கொள்கை. எத்தனையோ பேர் எத்தனையோ சாமியைக் கும்பிடுகிறார்கள். அவருக்கு அது.

செல்விக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் தபாலாபீசில் வேலை. தேரோடும் வீதிக்குப் பின்னால் சொந்த வீடு. பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா நேரே அடுப்படிக்கு வந்து, அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்துகொண்டு, தான் கொண்டுவந்த மல்லிகையைச் செல்வி தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டாள். "எனக்குப் பொட்டப்பிள்ள இல்லத்தா. நீ வந்து பேச்சுத் தொணைக்கு இரு" என்றாள். அவர்கள் போன பிறகு செல்வி பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மா எப்படிப் பேசினாள், எப்படிச் சிரித்தாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

பையனுடைய அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாம் திருப்தி. பிள்ள ஜாதகத்த மட்டும் கம்ப்யூட்டர்ல எழுதிக் குடுத்துருங்க. கையெழுத்து ஜாதகத்த இப்ப யாரு பாக்கா?"

செல்வி பிறந்தபோது கூமாப்பட்டி ஜோசியர் எழுதின நோட்டு எங்களிடம் இருந்தது. மகம் நட்சத்திரம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஷிப்டு முடிந்து, பஞ்சுத் தூசி தலையில் அப்படியே இருக்க, நோட்டை எடுத்துக்கொண்டு டைம்கீப்பரிடம் போனேன். தை மாதம், செவ்வாய்க்கிழமை, சூரியன் உதித்து ஐம்பது நாழிகை என்று அதில் எழுதியிருந்தது. அவர் கால்குலேட்டரை எடுத்து நாழிகையை மணியாக்கினார். "ராத்திரி ரெண்டு நாப்பது" என்றார். செவ்வாய்க்கிழமைக்கு உள்ள இங்கிலீஷ் தேதியைப் பழைய பஞ்சாங்கத்தில் தேடி எடுத்துத் தட்டினார். பிரிண்டர் ஓடிற்று. காகிதத்தைப் பார்த்தவர் மறுபடி நோட்டைப் புரட்டினார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஆயில்யம்னு வருது."

ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. மாமியார் உள்ள வீட்டில் வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

"அண்ணாச்சி, மகம்னே போட்டுக் குடுத்துருங்க."

"நான் போடுற இடமில்லலே அது. அதுவாப் போடுறது."

அந்தத் தாளை அன்றே கிழித்துப் போட்டிருக்கலாம். என் பெண்டாட்டியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் நாங்கள் தாள் கொடுக்கத் தாமதிப்பதைப் பார்த்துவிட்டு, பையனின் அப்பா இரண்டு நாள் கழித்து அவரே பஸ் ஏறி வந்து டைம்கீப்பர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

"ஐயா, நீங்க பொய் பேசமாட்டீகன்னு ஊரே சொல்லுது. பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?"

டைம்கீப்பர் என்னைப் பார்த்தார். நான் கையைக் கூப்பினேன். "மிஷின் ஆயில்யம்னு சொல்லுது" என்றார்.

"நீங்க என்ன சொல்லுதீக?"

"அது சொல்லுததுதான் நான் சொல்லுதது."

வந்தவர் ஒரு சண்டையும் போடவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண்ணுக்கு ஆயில்யம் என்று வெளியே போன பேச்சு திரும்ப வீட்டுக்குள் வருமா? அதற்கப்புறம் வந்த மூன்று இடமும் வாசலோடு நின்றது. கடைசியில் மாமியார் இல்லாத வீடாகத் தேடினோம். ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலையில் வேலை பார்க்கிற ஒருத்தர், வயது கொஞ்சம் கூடுதல், தாய் இல்லாதவர். மாமனார், இரண்டு கொழுந்தன்மார், எல்லாம் ஆண்பிள்ளைகள். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் பேச்சு கிடையாது. நான்கு பேருக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, பகல் முழுக்கச் செல்வி ஒற்றையில் இருந்தாள். நாங்கள் பார்க்கப் போனால், அவ்வளவு நாள் பேசாத பேச்செல்லாம் சேர்ந்து, மூச்சு விடாமல் பேசுவாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால் முகம் சுருங்கிப் போகும்.

மூன்று வருஷம் ஓடியிருக்கும். ஒரு காலை வேளையில் டைம்கீப்பர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

யாரோ ஒரு அம்மா தன் மகனின் ஜாதகம் எழுத வந்திருக்கிறாள். நோட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்று இருந்ததைப் பார்த்து அவர் வெள்ளிக்கிழமைத் தேதியைத் தட்டியிருக்கிறார். அந்த அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டி, தேதி ஒரு நாள் முந்திப் போயிருக்கிறதே என்றிருக்கிறாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. நமக்கு விடிந்தால்தான் மறுநாள். வெள்ளிக்கிழமை ராத்திரி எத்தனை மணியானாலும், கோழி கூவி வெளிச்சம் வருகிறவரை வெள்ளிக்கிழமைதான். ஜோசியரும் அப்படித்தான் எழுதுவார். மிஷினுக்கோ ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் மறுநாள். நடுச்சாமத்துக்குப் பிறகு பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் அவர் ஒரு முழு நாள் முந்தித் தட்டிவிட்டார். ஒரு நாள் முந்தினால் ஒரு நட்சத்திரம் முந்தும்.

"செல்விக்கு மகம்தான்" என்று தாளை நீட்டினார். "மிஷின் சரியாத்தான் சொல்லிருக்கு. நான் கேட்டதுதான் தப்பு."

என் பெண்டாட்டி தாளை வாங்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கேட்டாள். "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அண்ணாச்சி? செவ்வா ராத்திரி வலி எடுத்து, புதங்கிழம வெடிய முன்னப் பொறந்த பிள்ளன்னு சொல்லிருப்பேனே."

அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு பார்வைதான். பிறகு அவளிடம், "கேட்டிருக்கணும்மா. கேக்காம விட்டுட்டேன்" என்றார்.

அவர் கேட்டார். அன்றைக்குத் தாளில் ஆயில்யம் என்று வந்ததும் அவர் கேட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மிஷினைச் சந்தேகப்பட்டது எங்கள் செல்விக்காகத்தான். "நோட்டுல மகம்னு இருக்குலே. இது வேற சொல்லுது. பிள்ள பொறந்த கெழம நெசமா செவ்வாதானா, ஒரு நாள் முன்ன பின்ன இருக்குமா? வீட்டுல போய்க் கேட்டுட்டு வா. நான் மிஷின அணைக்காம வச்சிருக்கேன்" என்றார். நான் எழுந்து வெளியே வந்தேன். ஷிப்டு முடிந்த அலுப்பு. வீடு தெருக்கோடியில். செவ்வாய் என்றுதான் நோட்டிலேயே எழுதியிருக்கிறதே, இதைப் போய் என்ன கேட்பது என்று நினைத்தேன். முக்கில் டீக்கடையில் நின்று ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போய், "கேட்டுட்டேன் அண்ணாச்சி, செவ்வாதான்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். என் வார்த்தையை நம்பினார்.

செல்வியிடம் தானே சொல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். இரண்டு பேரும் ஆலங்குளத்துக்குப் பஸ் ஏறினோம். அவள் வீட்டு முருங்கை இலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். எங்களைக் கண்டதும் செல்வி ஓடி வந்து, "மாமா, வாங்க, அத்த வரலயா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தேதி, நாழிகை, தட்டினது, எல்லாம். கையை மெதுவாக விட்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா நல்லா இருக்காகளா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"இருக்காக. போன புரட்டாசியில மலைப் பெருமாள் கோயில் படியில பாத்தேன். மருமக கையப் பிடிச்சு ஏத்திவிட்டா" என்றார் அவர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மாமா?"

"கேட்டிருக்கணும் தாயி."

நான் அங்கேதான் நின்றேன். முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் தாளை நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இது இங்க வேண்டாம். ஆயில்யம்னு தெரிஞ்சுதான் இவிய கட்டுனாக. இப்ப மகம்னு சொன்னா, அன்னைக்குப் பொய் சொல்லிக் கட்டிட்டீகளான்னு கேப்பாக." உள்ளே போய் இரண்டு தம்ளரில் மோர் கொண்டுவந்தாள். என் தம்ளரைக் கையில் கொடுத்தாள். அவருடையதைத் தரையில் வைத்தாள்.

அவர் குனிந்து எடுத்துக் குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாதித் தூரம் வந்ததும், "அண்ணாச்சி, அன்னைக்கு நான் டீக்கடையில…" என்று ஆரம்பித்தேன். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. என் பெண்டாட்டி பேசின அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

"தட்டுனது நான்" என்றார். "மிஷின் முன்னால உக்காந்தது யாரு? நான். விடு."

"செல்விட்ட நான் சொல்லிருதேன்."

"நீ பெத்த தகப்பன். அவளுக்கு இனிப் போறதுக்கு உன் வீடு ஒண்ணுதான் இருக்கு. விடு." அதற்கு மேல் பேச விடவில்லை. மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்ததைக் காட்டி, கூமாப்பட்டிப் பக்கம் மழை பெய்யும் என்றார்.

அதன்பின் அவர் ஜாதகம் எழுதவில்லை. மிஷின் பட்டு உறைக்குள் அப்படியே இருந்தது. கேட்டு வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். டைம்கீப்பரம்மா எனக்கு இட்லி கொண்டுவந்து வைத்தால், நான் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து, பழையபடி மில் கதை பேசுவார். ஆலங்குளத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

அவர் இறந்தபோது நான்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தேன். செல்விக்குச் சொல்லி அனுப்பினோம், வரவில்லை. என் பெண்டாட்டியும் அந்த டீக்கடை விஷயம் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன பொங்கலுக்குச் செல்வி வந்திருந்தாள். அவள் தலையும் பாதி நரைத்துவிட்டது. கடைக்குப் போய்விட்டு வருகையில் டைம்கீப்பர் வீட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பாமலே வந்தாள்.

"அவிய சாவுக்கு நான் வராதது தப்பாப்பா?" என்று படியேறும்போது கேட்டாள். "சின்னப் பிள்ளையில என்னைய அம்புட்டு நல்லாப் பாத்துக்கிட்டாக. ஆனா மனசு கேக்கலப்பா. ஒரு வார்த்த கேக்கலயே அந்த மனுசன், ஒரு வார்த்த."

நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

"ஆமாத்தா" என்றேன். "கேட்டிருக்கணும்."